‘ப்பாங்’ என்றால் ரொட்டி, ‘பாங்’ என்றால் அறை

கேள்வி: கொரிய மொழி கற்றுவருகிறேன். ரொட்டிக்கு ‘பாங்’ என்று சொன்னால், “தங்குவதற்கு அறையா கேட்கிறீர்கள்?” என்று ஆசிரியை சிரிக்கிறார். எப்படிச் சொல்வது? இது கொரியச் சொல்தானா?

பதில்: ஆசிரியை சிரித்ததில் நியாயம் இருக்கிறது. கொரிய மொழியில் ‘ப’வுக்கு மூன்று எழுத்துகள். மென்மையாகச் சொன்னால் அறை. உதட்டை இறுக்கிச் சொன்னால் ரொட்டி. காற்றை ஊதிச் சொன்னால் ஏதோ வெடிக்கிற சத்தம்.

ஆங்கில எழுத்தில் குறித்துவைத்துப் படிப்பவர்கள் பெரும்பாலும் இங்கேதான் சறுக்குகிறார்கள். ‘பஸ்’ஸில் வருகிற ‘ப’வைப் போட்டால் கொரியர் காதில் அது அறைதான். நமக்குத் தேவையான ஒலி ‘அப்பா’வின் நடுவிலேயே இருக்கிறது. (கொரியக் குழந்தைகளும் தந்தையை ‘அப்பா’ என்றுதான் கூப்பிடுகிறார்கள், அதே அழுத்தமான எழுத்தில். அதை வைத்து இரு மொழிகளுக்கும் உறவு கொண்டாட வேண்டாம். மழலைச் சொற்கள் உலகமெங்கும் இப்படித்தான் ஒத்துப்போகும்.)

‘அ’வை மனதுக்குள் சொல்லிக்கொண்டு, உதட்டை ஒரு கணம் இறுக்கி மூடி, ‘ப்பா’வை மட்டும் சற்று உயர்ந்த குரலில் வெளியே விடுங்கள். வாய்முன் மெல்லிய தாளைப் பிடித்துக்கொண்டால் அது அசையக் கூடாது. முடிவுக்கு, ‘பாங்கு’ என்று தொடங்கி ‘கு’ வருவதற்குள் நிறுத்திவிடுங்கள். ‘ஆ’வை இழுக்க வேண்டாம்.

சரி, பூர்வீகம். இது கொரியச் சொல் இல்லை, போர்ச்சுக்கீசியச் சொல். 1543இல் போர்ச்சுக்கீசியர் ஜப்பானில் கரையிறங்கினார்கள். அவர்களுடைய ரொட்டிச் சொல் ஜப்பானியர் வாயில் ‘பான்’ ஆனது, அங்கிருந்து கொரியாவுக்குப் போனது. ஜப்பானியச் சொல்லிறுதி ‘ன்’ நுனிநாக்கில் நிற்காமல் தொண்டைப் பக்கம் போய்விடும். கொரியருக்கு அது ‘ங்’ என்று கேட்டது. பைக்கு ஜப்பானியர் சொல்லும் ‘கபான்’ கொரியாவில் ‘கபாங்’ ஆனதும் இதே கதைதான். யாழ்ப்பாணத்தில் ஒரு றாத்தல் பாண் வாங்குபவரும், மும்பையில் பாவ் கேட்பவரும் அதே போர்ச்சுக்கீசியச் சொல்லைத்தான் சொல்கிறார்கள்.

கடையில் ‘ப்பாங் ஜுசேயோ’ என்றால் ‘ரொட்டி கொடுங்கள்’. அப்புறம், குளிர்காலத்தில் தெருவோரம் மீன் வடிவத்தில் சுட்டு விற்பது ‘புங்ஓப்பாங்’. பெயரில் கெண்டை மீன் இருக்கும், உள்ளே இருப்பது பெரும்பாலும் இனிப்பான சிவப்புப் பயறு விழுது.