இரண்டு மார்க் போட்டவர்களைத் திட்டாதீர்கள்

கேள்வி: சார், ராணிப்பேட்டை சிப்காட் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் எச்.ஆர். உதவியாளராக இருக்கிறேன். 'வேலை பிடித்திருக்கிறதா, சூப்பர்வைசர் மரியாதையாக நடத்துகிறாரா' என்று ஐந்துக்கு மார்க் போடச் சொல்லி எல்லோருக்கும் படிவம் கொடுத்தோம். நாற்பதைத் தாண்டியவர்கள் நாலும் ஐந்தும் போட்டிருக்கிறார்கள். இருபத்தைந்துக்குக் கீழே பெரும்பாலும் இரண்டுதான். "இந்தக் காலத்துப் பசங்களுக்கு எதைக் கொடுத்தாலும் திருப்தி கிடையாது" என்கிறார் மேனேஜர். எனக்கும் வயது 24. என்ன சொல்வது?
- ஒரு வாசகி, வாலாஜாபேட்டை

பதில்: முதலில் அந்த ஐந்தைச் சந்தேகப்படுங்கள் அம்மா. பிடிக்காதவர்கள் எப்போதோ கணக்கு முடித்துக்கொண்டு போயிருப்பார்கள். தங்கியவர்களிடம் மட்டும் கேட்டால் வேறென்ன வரும்? வீட்டு லோனும் பிள்ளையின் காலேஜ் ஃபீஸும் இருப்பவர் இரண்டு போட்டு வம்பை விலைக்கு வாங்க மாட்டார்.

1993-ல், அப்போது இது வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம், ஆம்பூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் பர்சனல் ஆபீசராக இருந்தபோது நானும் இப்படிச் சீட்டு கொடுத்தேன். பெட்டியை வைத்தது சூப்பர்வைசர் மேசையில். என் புத்தி அப்படி. ஷூவின் மேல்பாகமான 'அப்பர்' தைக்கிற செக்‌ஷன் முழுக்க ஐந்து; பாதிச் சீட்டில் ஒரே நீல மை, ஒரே மாதிரி டிக். ஒன்றில் மட்டும் மார்க்கே இல்லை. பின்பக்கம் பென்சிலில், "பேர்ணாம்பட்டு பஸ் லேட்டானா அரை நாள் சம்பளம் போகுது, நான் என்ன பண்ண?" என்று இருந்தது. யார் எழுதியது என்று கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்க்க எனக்கும் கை துறுதுறுத்தது. நல்லவேளை, பார்க்கவில்லை. கேட்டில் பத்து நிமிஷம் சலுகை கொடுத்தோம். தாமதமானால் அப்படியே வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தவர்கள் உள்ளே வர ஆரம்பித்தார்கள்.

அமெரிக்க உளவியலாளர் ஃபிரெட்ரிக் ஹெர்ஸ்பெர்க் 1959-ல் ஒன்று சொன்னார். சம்பளமும் வசதியும் குறைந்தால் மனம் கசக்கும். சரியாக இருந்தால் கசப்பு போகும், அவ்வளவுதான். வேலை பிடித்துப்போக அந்த வேலையில் ஒரு ருசி, செய்ததற்குப் பாராட்டு, மேலே போக வழி எல்லாம் வேண்டும். ஆனால் அவர் பேசியது என்ஜினீயர்களோடும் கணக்கர்களோடும். நம் ஊர்க் கத்திரி வெயிலில் ஷெட்டுக்குள் பசை தடவுகிற பையனுக்கு முதலில் ஃபேன்தான். அப்புறம், மூன்று வருடத்தில் தைக்கிற மிஷினுக்கு மாறலாமா என்பதற்கு ஒரு பதில்.

மேனேஜரிடம் வாதாட வேண்டாம். வயதுவாரியாகப் பிரித்த கணக்கை லைன்வாரியாகவும் பிரித்துக் காட்டுங்கள். இரண்டுகள் எல்லாம் ஒரே லைனில் குவிந்திருந்தால் குற்றம் வயதில் இல்லை. இன்னொன்று, படிவத்தில் பெயர் கேட்கவில்லை என்றாலும் வயது, செக்‌ஷன், சேர்ந்த வருடம் மூன்றையும் கேட்டால் ஆளைக் கண்டுபிடித்துவிடலாம். பசங்களுக்கு அது தெரியும். ஒன்றை மட்டும் கேளுங்கள். பெட்டியைத் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் வையுங்கள். அங்கே சூப்பர்வைசர் நிற்க மாட்டார்.