மானிட்டரில் எல்லாம் நார்மல், ஆனால் நோயாளி சரியில்லை என்று தோன்றுகிறது. நைட் டியூட்டியில் டாக்டரை எழுப்பலாமா?

எழுப்பலாம். வயிற்று ஆபரேஷன் முடிந்த முதல் இரவு, பி.பி. 110/84, சாச்சுரேஷன் 97, ஆனாலும் ஆள் ஒரு மாதிரி இருக்கிறார் என்று கேட்டிருக்கிறீர்கள். போன் செய்யுமுன் ஐந்து நிமிடம் படுக்கையருகே நில்லுங்கள்.

முதலில் மூச்சை எண்ணுங்கள். பல கேஸ் ஷீட்டில் விடிய விடிய 20, 20 என்றே எழுதியிருக்கும். எண்ணாமல் எழுதியது அது. பல்ஸ் பார்ப்பதுபோலக் கையைப் பிடித்துக்கொண்டு, நெஞ்சு ஏறி இறங்குவதை முழுதாக ஒரு நிமிடம் எண்ண வேண்டும். எண்ணுகிறோம் என்று தெரிந்தால் மூச்சு மாறிவிடும். பெரியவர்களுக்கு 12 முதல் 20 வரை சரி. 25ஐத் தொட்டால் மற்றதெல்லாம் நன்றாக இருந்தாலும் டாக்டருக்குச் சொல்ல வேண்டும். நோயாளி மோசமாகிறாரா என்று மதிப்பெண் போட்டுப் பார்க்க பிரிட்டனில் 2017இல் வெளியான நியூஸ்-2 அட்டவணையில், மூச்சு 25ஐத் தொட்டாலே ஓர் அளவுக்குத் தரும் அதிகபட்சமான 3 மதிப்பெண் விழுந்துவிடும். ரத்தம் குறைந்து திசுக்களுக்கு ஆக்சிஜன் போதாதபோது உடம்பில் அமிலம் சேர்கிறது. அதை ஈடுகட்டத்தான் மூச்சு வேகமாகிறது. சாச்சுரேஷன் இதைக் காட்டாது. இருக்கிற ஹீமோகுளோபினில் எத்தனை சதவீதம் ஆக்சிஜன் சுமக்கிறது என்பதுதான் அதற்குத் தெரியும், எவ்வளவு ரத்தம் மிச்சமிருக்கிறது என்பது தெரியாது.

நேர்மாறானதும் உண்டு. மூச்சை மந்தமாக்கக்கூடிய மார்ஃபின், ஃபென்டனில் போன்ற வலி மருந்து போட்டவருக்கு மூச்சு 8க்கு இறங்கியிருக்கலாம். ஆக்சிஜன் மாஸ்க் இருப்பதால் சாச்சுரேஷன் 98 என்றே நிற்கும். குறட்டைவிட்டு நன்றாகத் தூங்குகிறார் என்று விட்டுவிடாதீர்கள், தட்டி எழுப்பிப் பாருங்கள்.

அடுத்து பி.பி. வழக்கமாக 150 இருப்பவருக்கு 110 என்பது குறைவுதான், ஆபரேஷனுக்கு முந்தைய சார்ட்டைப் புரட்டுங்கள். ரத்தக் கசிவில் முதலில் பல்ஸ் ஏறும், மேல் எண்ணும் கீழ் எண்ணும் நெருங்கி வரும். மேல் எண் விழுவது பிறகுதான். பல்ஸைக் குறைக்கும் அட்டெனலால், மெட்டோப்ரொலால் மாத்திரை சாப்பிடுபவருக்குப் பல்ஸ்கூட ஏறாமல் ஏமாற்றும். கையும் காலும் சில்லென்று இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள்.

யூரின் மணிக்குக் கிலோவுக்கு அரை மி.லி., அதாவது 60 கிலோ ஆளுக்கு 30 மி.லி. வர வேண்டும். பேக் காலியாக இருந்தால் டியூப் தொடைக்கடியில் மடங்கியிருக்கிறதா, அடிவயிறு உப்பியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு முடிவுக்கு வாருங்கள். வயிற்றுக்குள் சேர்வதை வெளியேற்ற வைத்த டிரெயின் குழாயில் ஒன்றுமில்லை என்பதும் நிம்மதி தராது, ரத்தக்கட்டி அடைத்திருக்கலாம். மேலே டிரெஸ்ஸிங் உலர்ந்திருக்கும், ரத்தம் பக்கவாட்டில் வழிந்து முதுகுக்கடியில் தேங்கியிருக்கும். அங்கே கைவிட்டுப் பாருங்கள்.

“அப்பா இப்படிப் பேசமாட்டாரே” என்று வீட்டார் சொன்னால் அதுவும் ஒரு வைட்டல் சைன்தான். புதிதாக வந்த குழப்பத்துக்குத் தூக்க ஊசி கேட்பது ஆபத்து. முதலில் குளுக்கோமீட்டரில் சுகர் பாருங்கள், மூச்சைப் பாருங்கள்.

இப்போது போன் செய்யுங்கள். “சார், பேஷன்ட் ஒரு மாதிரி இருக்கார்” என்றால் தூக்கத்தில் இருப்பவர் “சரி, பாருங்க” என்பார். இப்படிச் சொல்லுங்கள்: “சார், 12ஆம் பெட், 58 வயசு, காலையில குடல் ஆபரேஷன். வழக்கமான பி.பி. 150, இப்ப 110/84. பல்ஸ் 112, மூச்சு 26. ரெண்டு மணி நேரத்துல யூரின் 25 மி.லி.தான். கை கால் சில்லுனு இருக்கு. உள்ளே ரத்தக் கசிவோன்னு பயமா இருக்கு, நீங்க உடனே வந்து பாக்கணும்.” கடைசி வாக்கியத்தை விழுங்கிவிடாதீர்கள்.

டிரிப் லைன் ஓடுகிறதா என்று உறுதிசெய்துவிட்டு, டாக்டர் வரும்வரை அருகிலேயே இருங்கள். கவனித்துக்கொண்டிருக்கச் சொன்னால், எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை, எந்த எண் வந்தால் மறுபடி கூப்பிட வேண்டும் என்று கேட்டு, நேரத்தோடு கேஸ் ஷீட்டில் எழுதுங்கள். அந்த எண் வந்தும் யாரும் வரவில்லையென்றால் நர்சிங் சூப்பர்வைசருக்கும் சீனியர் டாக்டருக்கும் நேராகச் சொல்லுங்கள். அதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை.