உப்பில் ஊறிய சில்லுகள்: மொரிஸ் மைனரின் அசல் றிம்மைக் காப்பாற்றலாமா?

கேள்வி: அப்பாவின் 1961ஆம் ஆண்டு மொரிஸ் மைனர் 1000 கார் திருகோணமலை உப்புவெளியில் எங்கள் வீட்டுக் கொட்டகையில் நிற்கிறது. கடல் கூப்பிடு தூரம்தான். 2004 சுனாமியில் கொட்டகைக்குள் முழங்கால் அளவு தண்ணீர் வந்தது. அதன்பின் சில்லுகளை யாரும் கழற்றவில்லை. ஐந்து சில்லிலும் கறள் செதில் செதிலாக உதிர்கிறது. ஒன்றில் நட் துளையிலிருந்து மயிரிழை போல ஒரு கோடு ஓடுகிறது. மணல் அடித்துப் பெயின்ட் பூசலாம், இல்லாவிட்டால் ஜப்பான் கார் அலோய் (கலப்புலோகச் சில்லு) போடலாம் என்று கராஜில் சொல்கிறார்கள். எனக்கு அசல் சில்லுதான் வேண்டும். என்ன செய்யலாம்?

பதில்: முதலில் அந்தக் கோடு விழுந்த சில்லைத் தனியே எடுத்து வையுங்கள். அதை வெல்ட் பண்ணித் தருகிறேன் என்று யார் சொன்னாலும் கொடுக்க வேண்டாம். நட் துளைகளைச் சுற்றியுள்ள தகடு, சில்லு ஒவ்வொரு சுற்றுச் சுற்றும்போதும் கொஞ்சம் வளைந்து நிமிர்கிறது. வெல்டின் சூடு பட்ட ஓரத்திலேயே அடுத்த வெடிப்பு பிறக்கும், அதுவும் கார் ஓடிக்கொண்டிருக்கும்போது. நினைவுக்காகச் சுவரில் மாட்டுவதென்றால் அதன்மேல் சிவப்புப் பெயின்டால் ஒரு பெருக்கல் குறி போடுங்கள். நீங்கள் இல்லாத ஒரு நாளில் வேறு யாரும் அதை எடுத்துப் பூட்டிவிடக் கூடாது.

மற்ற நான்கையும் இப்போதே தள்ளிவிடவும் வேண்டாம், நம்பிவிடவும் வேண்டாம். டயரைக் கழற்றி, கறளையும் பெயின்டையும் நீக்கி, வெறும் இரும்பைப் பார்த்த பிறகுதான் முடிவு சொல்லலாம். டயரைத் தொடுமுன் வால்வ் ஊசியைக் கழற்றிக் காற்றை முழுதாக இறக்குங்கள். கறள் தின்ற றிம்மில் காற்றை வைத்துக்கொண்டு தட்டுவது ஆபத்து.

உங்கள் சில்லுகளின் உண்மையான நோய் உப்பு. கடலுப்பில் சோடியம் குளோரைட்டோடு மக்னீசியம் குளோரைட்டும் இருக்கிறது. முன்னது காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் நீரை உறிஞ்சிக் கரையும். பின்னதற்கு 33 சதவீதமே போதும். திருகோணமலைக் காற்று அதற்குக் கீழே போவது அரிது. அதனால் இடுக்கில் கிடக்கும் உப்பு எப்போதும் நனைந்தே இருக்கும், இரும்பும் தின்னப்பட்டுக்கொண்டே இருக்கும். மைனர் சில்லில் நடுத்தட்டு வேறு, வெளிவளையம் வேறு. இரண்டும் பொருந்தும் இடத்தில் மெல்லிய இடுக்கு உண்டு. சுனாமித் தண்ணீர் அதற்குள்தான் போயிருக்கும். கறளைச் சுரண்டி உப்பை உள்ளே விட்டுப் பெயின்ட் பூசினால், அடுத்த வாடைக்காற்றுக் காலத்தில் பூச்சு கொப்பளித்து எழும்.

கராஜில் சொன்ன மணல் எந்த மணல் என்று கேட்டீர்களா? இதைக் கேட்காமல் விட்டு நான் பட்டிருக்கிறேன். பல வருடங்களுக்கு முன் என் சொந்தக் கார் சில்லுகளை ஓரிடத்தில் கொடுத்தேன். அவர்கள் கடற்கரை மணலை அள்ளி அடித்தார்கள். வெள்ளி மாதிரி மின்னிக்கொண்டு வந்த சில்லுகள் ஒரு வருடத்துக்குள் பழைய நிலைக்கே போய்விட்டன. கடல் மணல் கறளை எடுக்கும்போதே புதிய உப்பை இரும்புக்குள் குத்தி ஏற்றுகிறது. அதன் தூசு அடிப்பவரின் நுரையீரலுக்கும் கேடு, சிலிக்கோசிஸ் வந்தால் குணமாக்க வழியில்லை. பிளாஸ்டிங் செய்வதென்றால் அதற்கென்றே விற்கும் கார்னெட் பொடியால், மூடிய அறையில், முகமூடியோடு செய்யும் இடத்தில் மட்டும் கொடுங்கள். கழிப்பறை கழுவும் அசிட்டால் துடைத்துத் தருகிறோம் என்பவர்களும் உண்டு. அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். நீங்கள் விரட்டப் பார்க்கும் அதே குளோரைட்டை இடுக்குக்குள் ஊற்றுகிற வேலை அது.

வீட்டிலேயே செய்யக்கூடிய, எனக்குப் பிடித்த வழி மின்பகுப்பு, அதாவது தண்ணீருக்குள் மின்சாரம் விட்டுக் கறளைப் பிரிப்பது. ஒரு பிளாஸ்டிக் பீப்பாவைப் பாதியாக வெட்டித் தண்ணீர் நிரப்புங்கள். லீற்றருக்கு ஒரு மேசைக்கரண்டி சலவைச் சோடா போட்டுக் கரையுங்கள். 12 வோல்ட் பற்றரி சார்ஜரின் கறுப்பு வயரைச் சில்லில் கறளில்லாத ஒரு புள்ளியில் மாட்டுங்கள். சிவப்பு வயர் பழைய இரும்புத் துண்டுக்கு. இரண்டும் தண்ணீருக்குள் ஒன்றையொன்று தொடக் கூடாது. வயரை மாற்றிக் கொடுத்தால் சில்லுதான் கரையும், ஆகவே இரண்டு தரம் பாருங்கள். எவர்சில்வர் துண்டு போடவே வேண்டாம், அதிலிருந்து நச்சுக் குரோமியம் தண்ணீரில் இறங்கும். புதுவகைத் தானியங்கிச் சார்ஜர்கள் இதற்கு ஒத்துழைக்காது, பழைய கனமான சார்ஜர் ஒன்றைத் தேடிப் பிடியுங்கள். எழும் குமிழி ஹைட்ரஜன் வாயு. எனவே முற்றத்தில் வையுங்கள், பக்கத்தில் நெருப்பு வேண்டாம், கை வைக்குமுன் சார்ஜரை நிறுத்துங்கள். ஸ்டட் (நட் ஏறும் போல்ட்), நட் எதையும் இதற்குள் போட வேண்டாம். கடலடியிலிருந்து எடுத்த பீரங்கிகளை அருங்காட்சியகங்கள் இதே முறையில்தான் சுத்தம் செய்கின்றன. கறளோடு சேர்த்து உப்பையும் இது வெளியே இழுக்கிறது. அதனால்தான் கம்பி பிரஷை விட இதை மேலாக நினைக்கிறேன். தண்ணீரை மாற்றி மாற்றி இரண்டு மூன்று நாள் விடுங்கள்.

கடைசிக் கழுவல் குழாய்த் தண்ணீரில் அல்லது மழைத் தண்ணீரில். கடற்கரைப் பக்கத்துக் கிணறுகள் பல உவர், அதில் கழுவினால் பட்ட பாடெல்லாம் வீண். நன்றாகக் காயவைத்து ஓரிரவு வெளியே விடுங்கள். காலையில் கரும்புள்ளிகள் வியர்த்தது போல ஈரமாக நின்றால் உப்பு இன்னும் இருக்கிறது, திரும்பக் கழுவ வேண்டும். அந்த இரவில் மேலோட்டமாக வரும் செம்மஞ்சள் கறள் பரவாயில்லை, தேய்த்தால் போய்விடும்.

சரி, இப்போது இரும்பைப் பார்க்கலாம். நட் துளைகளைச் சுற்றி மண்ணெண்ணெய் பூசி, கொஞ்ச நேரம் விட்டு, துடைத்துவிட்டுச் சோக்குத் தூள் தூவுங்கள். வெடிப்பு இருந்தால் உள்ளே போன எண்ணெய் கோடாகக் கசிந்து காட்டும். துளை நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தாலும், நட் உட்காரும் சரிவில் குழி விழுந்திருந்தாலும் அந்தச் சில்லு வேண்டாம். வெளிவளையத்தைச் சிறு சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள். சத்தம் மந்தமாகும் இடத்தில் கூரான ஊசியால் குத்திப் பாருங்கள். தகட்டின் தடிப்பில் கால் பங்குக்கு மேல் குழி இறங்கியிருந்தால் நான் ஓடவிட மாட்டேன். பிறகு சில்லைக் காரில் பூட்டி, ஜாக்கில் தூக்கி, பக்கத்தில் ஒரு பென்சிலை அசையாமல் நிறுத்திச் சுற்றுங்கள். ஆட்டம் ஒன்றரை மில்லிமீற்றருக்குள் இருந்தால் நல்லது. ஸ்பெயார் சில்லை முதலில் பாருங்கள். பாரம் தாங்கித் தேயாததால் நட் துளைகள் ஆரம்பத்தில் எப்படி இருந்தன என்று அது காட்டும்.

பெயின்டுக்குக் கச்சான் காற்றுக் காலம் நல்லது. ஜூன், ஜூலையில் காற்று தரைப்பக்கமிருந்து உலர்ந்து வீசும். மத்தியானம் கடற்காற்று திரும்புமுன் வேலையை முடியுங்கள். நவம்பர், டிசம்பரில் தொடவே வேண்டாம். இரண்டு பகுதி எபொக்சி பிரைமர் இரண்டு தரம், மேலே இரண்டு பகுதி பெயின்ட். மேல்பூச்சில் நுரையீரலைக் கெடுக்கும் ஐசோசயனேட் இருப்பதால் அதை முறையான முகமூடி வைத்திருக்கும் பெயின்டரிடம் விடுங்கள். பவுடர் கோட்டிங் பார்க்க அழகுதான். ஆனால் ஒரு கல் பட்டு உடைந்தால் அதன் அடியில் கறள் சத்தமில்லாமல் பரவும், நம் ஊருக்கு எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. நட் உட்காரும் சரிவிலும் ஹப்பில் பொருந்தும் முகத்திலும் தடித்த பூச்சு வேண்டாம். அது நசுங்க நசுங்க நட் தளரும்.

அலோய் பற்றி ஒரு எச்சரிக்கை. மைனரின் நான்கு ஸ்டட்டும் 4 அங்குல வட்டத்தில் நிற்கின்றன, அதாவது 101.6 மில்லிமீற்றர். ஜப்பான் அலோய் பலவற்றில் அது 100. கையால் தள்ளினால் ஏறிவிடும், அதனால் பொருந்திவிட்டது என்று நினைக்கிறார்கள். உண்மையில் நட்டுகள் சரிவில் நேராக உட்காராமல் ஸ்டட்டை ஒரு பக்கமாக வளைத்துக்கொண்டே இருக்கும். ஐந்தாவது சில்லுக்கு இன்னொரு மைனரின் 14 அங்குலச் சில்லையே தேடுங்கள். இங்கிலாந்தின் பாத் நகரில் சார்ள்ஸ் வேர் நடத்திய மொரிஸ் மைனர் மையத்துக்கே உதிரிப் பாகம் செய்து அனுப்பிய நாடு நம் இலங்கை. பழைய மைனர் வைத்திருப்பவர்களிடம் விசாரித்தால் ஒன்று கிடைக்கும். வாங்குமுன் அதற்கும் அதே சோக்குச் சோதனை.

டயரும் டியூபும் புதிது போடுங்கள். 145 அல்லது 155 அகல 14 அங்குல ரேடியல் பொருந்தும். ஆனால் அந்தக் கால றிம்மில் டயர் ஓரத்தைப் பிடித்து வைக்கும் மேடு இல்லை, ஆகவே டியூப் கட்டாயம். டயரின் பக்கத்தில் உள்ள நாலு இலக்கத்தைப் பாருங்கள்: 2324 என்றால் 2024இன் 23ஆவது வாரம் செய்தது. குரோம் ஹப் கப்பை மாதம் ஒருமுறை கழற்றி நல்ல தண்ணீரால் பின்பக்கத்தைக் கழுவுங்கள், மணலும் உப்பும் சேர்வது அங்கேதான். பூட்டிய முதல் நாள் நட்டுகளைக் கையேட்டில் உள்ள அளவுக்கு டோர்க் ஸ்பேனரால் இறுக்குங்கள். 80 கிலோமீற்றரளவு ஓடியதும் மறுபடி பாருங்கள். கந்தளாய்க்கு ஒரு தரம் போய் வந்தால் அந்தத் தூரம் வந்துவிடும்.