புரொப்பல்லர் பிளேடுகள் பிசகாமல் நிற்க: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: 1/48 அளவு ஸ்பிட்ஃபயர் மார்க் 9 விமான மாடலில் புரொப்பல்லரின் ஹப்பும் (பிளேடுகள் பொருந்தும் மையப் பகுதி) நான்கு பிளேடுகளும் தனித்தனியாக வந்துள்ளன. கண்மதிப்பில் நேராகத்தான் ஒட்டினேன். காய்ந்த பிறகு பார்த்தால் ஒரு பிளேடு மட்டும் மற்றவற்றோடு ஒத்துப்போகாமல் தனித்துத் தெரிகிறது. எங்கே பிசகியிருக்கும்?

பதில்: பிளேடு மூன்று வகையில் பிசகும். பக்கத்துப் பிளேடுடன் உள்ள இடைக்கோணம் மாறலாம். தன் அச்சிலேயே திரும்பி பிட்ச் கோணம் மாறலாம். நுனி முன்னோ பின்னோ சாயலாம். கையில் பிடித்து ஒட்டும்போது ஒன்றைத் திருத்தப் போனால் மற்ற இரண்டும் அசைந்துவிடும். அதனால்தான் கண்மதிப்பு இங்கே உதவாது. பிளேடுகளைத் தாங்கிப் பிடிக்க ஒரு ஜிக் வேண்டும். அரை மணி நேர வேலைதான்.

2 மி.மீ. பிளாஸ்டிக் தகட்டில் கவராயத்தால் ஒரு வட்டம் போடுங்கள். உண்மை விமானத்தில் இந்தப் புரொப்பல்லரின் விட்டம் 10 அடி 9 அங்குலம். 1/48 அளவில் சுமார் 68 மி.மீ. ஆகவே வட்டத்தின் ஆரம் 34 மி.மீ. மையத்தின் வழியாக மூலைமட்டம் வைத்து ஒன்றுக்கொன்று செங்குத்தாக இரண்டு கோடுகள். மையத்தில் புரொப்பல்லர் தண்டு ஆடாமல் நுழையும் அளவுக்கு ஒரு துளை. துளை சாய்ந்துவிட்டால் ஜிக் முழுவதும் வீண், எனவே துளையிடும்போது பக்கத்தில் மூலைமட்டத்தை நிறுத்தி வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்து பிட்ச். புரொப்பல்லர் பிளேடு முறுக்கியிருக்கும்; அடியில் கோணம் அதிகம், நுனியில் குறைவு. எனவே எல்லாப் பிளேடையும் ஒரே இடத்தில்தான் அளக்க வேண்டும். மையத்திலிருந்து ஆரத்தில் முக்கால் பங்கு தூரம், இந்த மாடலில் 25.5 மி.மீ., வழக்கமான இடம். அந்த இடத்தில் பிளேடைத் தாங்க ஆப்பு வடிவத் துண்டு ஒன்று வேண்டும். பிட்ச் கோணம் 25 டிகிரி என்று வைத்துக்கொண்டால், அடிப்பக்கம் 10 மி.மீ. ஆப்புக்கு உயரம் 4.7 மி.மீ. நான்கு ஆப்புகளைத் தனித்தனியாகச் செய்யாதீர்கள். நீளமாக ஒரே ஆப்பைச் சீவி, அதை நான்காக நறுக்குங்கள். கோணம் ஒரு டிகிரி தப்பினாலும் நான்கும் ஒரே அளவில் தப்பும், யாருக்கும் தெரியாது. பிளேடுகள் தமக்குள் ஒத்திருப்பதுதான் முக்கியம்.

ஹப்பின் தண்டைத் துளையில் இறக்கி, பிளேடு நுழையும் குழியின் உயரத்துக்கு ஏற்ப ஆப்புகளின் அடியில் ஒரே தடிமனுள்ள துண்டுகளை வையுங்கள். ஆப்பின் உயர்ந்த பக்கம் பிளேடின் முன்விளிம்புக்கு (தடித்து உருண்ட விளிம்பு) அடியில் வர வேண்டும். நான்கு ஆப்பும் ஒரே உயரத்தில் இருந்தால், நுனி முன்பின் சாய்வதும் இதே ஜிக்கில் அடங்கிவிடும்.

பசையில்தான் பலர் சறுக்குகிறார்கள். தண்ணீர்போல ஓடும் மெல்லிய பிளாஸ்டிக் சிமென்ட் சில நொடிகளில் பிடித்துக்கொள்ளும். சூப்பர் குளூ அதைவிட மோசம். தொட்ட கணமே முடிந்தது. குழாயில் வரும் கெட்டியான சிமென்ட்டை மிகச் சிறிதளவு வையுங்கள், சில நிமிடம் நகர்த்த இடம் கிடைக்கும். சரிபார்த்தபின் ஒரு முழு நாள் ஜிக்கிலேயே கிடக்கட்டும். ஒரு மணி நேரத்தில் கெட்டியானதுபோல் தெரிந்தாலும் உள்ளே இளகலாகவே இருக்கும். எடுத்து நிறுத்தினால் பிளேடின் எடையே அதைச் சாய்த்துவிடும். உங்கள் பிளேடு காய்ந்த பிறகு மாறியதற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

கேள்வி: ஜிக்கில் வைத்த பிறகும் கோணம் சரிதானா என்று எப்படி உறுதிசெய்வது? பாகைமானி ஹப்பில் இடிக்கிறது.

பதில்: பாகைமானியை விடுங்கள், நுனிக்கு நுனி அளங்கள். அடுத்தடுத்த இரண்டு நுனிகளின் தூரம், ஆரத்தை மூன்று பிளேடுக்கு 1.732 ஆலும், நான்குக்கு 1.414 ஆலும், ஐந்துக்கு 1.176 ஆலும் பெருக்கினால் வரும். 34 மி.மீ. ஆரம் என்றால் முறையே 58.9, 48.1, 40.0 மி.மீ. டிவைடரை (இரு முனையும் கூரான கவராயம்) அந்த அளவில் திறந்து ஒவ்வொரு இடைவெளியிலும் வைத்துப் பாருங்கள். மூன்று பிளேடில் ஒன்று 2 டிகிரி தப்பினால் ஒரு பக்க இடைவெளி 0.6 மி.மீ. கூடும், மறுபக்கம் அதே அளவு குறையும். 1.2 மி.மீ. வித்தியாசம் டிவைடரில் பளிச்சென்று தெரியும்.

நான்கு பிளேடில் எதிரெதிர் நுனிகளை மட்டும் அளந்து திருப்தி அடையாதீர்கள். ஒரு பிளேடு 4 டிகிரி விலகினாலும் அந்தத் தூரம் 0.04 மி.மீ.தான் குறையும்; எந்த ஸ்கேலிலும் தெரியாது.

நுனி அகலமான பிளேடில் மையம் எது என்ற குழப்பம் வரும். மையத்தைத் தேடவே வேண்டாம். மையத்திலிருந்து ஒரே தூரத்தில் எல்லாப் பிளேடின் முன்விளிம்பிலும் பென்சில் புள்ளி வைத்து, புள்ளிக்குப் புள்ளி அளங்கள். ஆரத்துக்குப் பதில் அந்தத் தூரத்தைப் போட்டால் கணக்கு அப்படியே பொருந்தும்.

பிட்ச் கோணத்தைச் சரிபார்க்க மட்டும் முன்னாலிருந்து பார்க்காதீர்கள். 5 மி.மீ. அகலப் பிளேடு 25 டிகிரியில் முன்பார்வையில் 4.5 மி.மீ., 30 டிகிரியில் 4.3 மி.மீ. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. பிளேடின் நுனியை உங்கள் பக்கம் திருப்பி, நீளவாக்கில் ஹப்பை நோக்கிப் பாருங்கள்: முன்பின் விளிம்புகளின் இடைவெளி 2.1, 2.5 என்று மாறும். ஒவ்வொரு பிளேடாகத் திருப்பிப் பார்த்தால் தப்பியது தானாகக் காட்டிக்கொடுக்கும்.

கேள்வி: குழியில் பிளேடின் முளை தொளதொளவென்று ஆடுகிறது. வேறொரு மாடலில் முளையில் வெட்டு இருக்கிறது, ஆனால் அதன்படி வைத்தால் கோணம் தவறாக வருகிறது.

பதில்: இரண்டுக்கும் ஒரே வைத்தியம். முளையை வெட்டிவிட்டு, பிளேடின் அடியிலும் ஹப்பிலும் கைத்துரப்பணத்தால் 0.5 மி.மீ. துளையிட்டு, அதே தடிமனுள்ள பித்தளைக் கம்பியைச் செருகுங்கள். கம்பி, இடத்தை மாறாமல் பிடிக்கும். பிட்ச்சுக்குப் பிளேடைத் திருப்பும் உரிமை உங்களிடமே இருக்கும். கம்பிக்கு எபாக்சி போதும்.

கேள்வி: எந்த விளிம்பு முன்விளிம்பு? விமானத்துக்கு விமானம் திசை மாறுமா?

பதில்: தடித்து உருண்டது முன்விளிம்பு, மெலிந்து கூர்மையானது பின்விளிம்பு. விமானத்தின் மூக்கில் உள்ள புரொப்பல்லரில் பிளேடின் புடைத்த முகம் முன்னே பார்க்கும், தட்டையான முகம் விமானியைப் பார்க்கும். முன்விளிம்பு எப்போதும் பின்விளிம்பைவிட முன்னே தள்ளி நிற்கும்.

திசை மாறும். மெர்லின் இன்ஜின் பூட்டிய ஸ்பிட்ஃபயரில், விமானி இருக்கையிலிருந்து பார்த்தால் புரொப்பல்லர் வலஞ்சுழியாகச் சுற்றும். எதிரே நின்று பார்க்கும் உங்களுக்கு, மேலே நிற்கும் பிளேடின் முன்விளிம்பு இடப்பக்கம் இருக்கும். கிரிஃபன் இன்ஜினும் ஐந்து பிளேடும் கொண்ட மார்க் 14 இதற்கு நேர்மாறு. மெர்லின் ஸ்பிட்ஃபயரின் பிளேடுகளை அதற்குப் போட்டு, திருப்பி ஒட்டிச் சமாளிக்க முடியாது. முறுக்கே கண்ணாடிப் பிம்பம்போல எதிர்த்திசையில் இருக்கும். லாக்ஹீட் பி-38 லைட்னிங்கில் இரண்டு புரொப்பல்லரும் எதிரெதிராகச் சுற்றுகின்றன. போருக்குப் போனவற்றில் பெரும்பாலானவற்றில் மேலே நிற்கும் பிளேடு வெளிப்பக்கமாக இறங்கும். டியூ-95 விமானத்தில் ஒரே இன்ஜினிலேயே முன்னொன்றும் பின்னொன்றும் எதிர்த்திசையில் சுற்றும். இத்தகைய மாடல்களில் பிளேடுகளைச் சட்டத்திலிருந்து வெட்டும் முன்பே தனித்தனி டப்பாவில் பெயர் எழுதிப் பிரித்து வையுங்கள். கலந்துவிட்டால் பிரிப்பது பெரும்பாடு.

கேள்வி: நிறுத்தி வைத்த டர்போபிராப் (டர்பைன் இன்ஜினால் புரொப்பல்லர் சுழலும்) விமானத்துக்கு எந்தக் கோணம்?

பதில்: இன்ஜினைப் பொறுத்தது. பிடி6 போன்ற இன்ஜின்களில் புரொப்பல்லரைச் சுழற்றும் டர்பைன், இன்ஜினின் மற்றப் பகுதியோடு ஒரே தண்டில் இணையாமல் தனியாகச் சுழலும். எண்ணெய் அழுத்தம் போனதும் ஸ்பிரிங்கும் எதிர் எடைகளும் பிளேடை ஃபெதர் நிலைக்குத் தள்ளும். விளிம்பு காற்றைப் பார்க்கும், முன்னாலிருந்து பிளேடு மெல்லிய கோடாகத் தெரியும். கிங் ஏர், ட்வின் ஆட்டர், பிசி-12 இப்படித்தான் நிற்கும். ஏடிஆர் 72 விமானத்தின் இன்ஜின் வேறு, நிலை இதேதான். டோர்னியர் 228 விமானத்தின் டிபிஈ331 இன்ஜினில் புரொப்பல்லரும் டர்பைனும் ஒரே தண்டில் இணைந்தவை. மீண்டும் ஸ்டார்ட் செய்யும்போது எதிர்ப்புக் குறைய வேண்டும் என்பதால், அணைக்கும்போதே பிளேடைத் தட்டையான கோணத்தில் பூட்டிவிடுவார்கள். முன்னாலிருந்து முழு அகலமும் தெரியும். இதை மாற்றி ஒட்டினால், விமானம் தெரிந்தவர் கண்ணில் முதலில் படுவது அதுதான்.

கேள்வி: வண்ணம் முதலிலா, ஒட்டுவது முதலிலா?

பதில்: தனிப் பிளேடு என்றால் வண்ணம் முதலில். ஒட்டும் முகத்தில் மட்டும் வண்ணத்தைச் சுரண்டிவிடுங்கள். பிளாஸ்டிக் சிமென்ட் வண்ணத்தின்மேல் பிடிக்காது. இரண்டாம் உலகப் போர்க்கால பிரிட்டிஷ், அமெரிக்க விமானங்களின் மஞ்சள் நுனி 4 அங்குலம்: 1/72 அளவில் 1.4, 1/48 இல் 2.1, 1/32 இல் 3.2 மி.மீ. வெள்ளை, அதன்மேல் மஞ்சள், பிறகு நுனியை மறைத்துக் கறுப்பு. நுனிப் பட்டைகள் ஏறியிறங்கி இருந்தால், சரியாக நிற்கும் பிளேடும் கோணலாகத் தோன்றும்.

கேள்வி: ஒரே வார்ப்பில் வந்த மூன்று பிளேடில் ஒன்று பின்னால் வளைந்திருக்கிறது.

பதில்: கொதித்த நீரை இறக்கி, ஒரு நிமிடம் ஆறவிட்டு, அந்தப் பிளேடை மட்டும் பதினைந்து இருபது நொடி முக்குங்கள். விரலால் மெதுவாக நிமிர்த்தி, விடாமல் பிடித்தபடியே குளிர்ந்த நீரில் வையுங்கள். ஒரே முயற்சியில் நிமிராது. இரண்டு மூன்று முறை செய்வதே பாதுகாப்பு. ரெசின் பிளேடு இதைவிடச் சீக்கிரம் இளகும், நேரத்தைப் பாதியாக்குங்கள். பிறகு ஜிக்கில் தண்டைச் செருகி, ஒரு நுனியைத் தொடும்படி ஊசி ஒன்றை நட்டு, ஹப்பைச் சுற்றுங்கள். மூன்று நுனியும் ஊசியை ஒரே உயரத்தில் உரசிப் போனால் வேலை முடிந்தது.