வாகனக் கேள்வி பதில்: எஸ்யூவிக்குப் பின்னால் மூடிய டிரெய்லர்

கேள்வி: எங்களிடம் ஏழு பேர் அமரக்கூடிய டீசல் எஸ்யூவி இருக்கிறது. மண்டபம், பாம்பன் பகுதிகளில் கருவாடு வாங்கி மதுரைக்கு அனுப்புவது எங்கள் குடும்பத் தொழில். லாரி வாடகை கட்டுப்படியாகாததால், மழையும் தூசியும் படாத மூடிய டிரெய்லர் ஒன்றை இந்த வண்டியின் பின்னால் மாட்டிக்கொள்ள நினைக்கிறோம். காலி டிரெய்லர் 550 கிலோ, சரக்கு 600 கிலோ வரும். "இந்த இன்ஜினுக்கு இதெல்லாம் ஒரு பாரமா? பம்பருக்குக் கீழே கொக்கியை வெல்டு வைத்துத் தருகிறேன்" என்கிறார் பட்டறைக்காரர். வண்டியில் என்னென்ன மாற்றங்கள் செய்ய வேண்டும்?
– வாசகர், உச்சிப்புளி

பதில்: இன்ஜினைப் பற்றிப் பட்டறைக்காரர் சொல்வது சரிதான், 1,150 கிலோவை இழுப்பது இன்றைய டீசல் எஸ்யூவிக்குப் பெரிய வேலை இல்லை. ஆனால் இழுத்ததை நிறுத்தவும் நேராகக் கொண்டுபோகவும் இன்ஜின் உதவாது. எனவே பட்டறைக்குப் போகும் முன் வண்டியோடு வந்த கையேட்டைப் புரட்டி, இழுக்க அனுமதிக்கப்பட்ட எடை, கொக்கியின் மேல் இறங்கலாம் என்ற எடை, வண்டியும் டிரெய்லரும் சேர்ந்த மொத்த எடை ஆகிய மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். இழுவைக்கு உகந்ததல்ல என்று கையேடு சொல்லுமானால், அந்த எண்ணத்தை அத்துடன் விட்டுவிடுவதே நல்லது.

கொக்கியின் மேல் இறங்கும் எடையைத்தான் நம் ஊரில் யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் வரை கொக்கியில் மாட்டும் முன்மூக்கில் இறங்கினால்தான் அது பின்னால் வாலாட்டாமல் வரும். உங்கள் கணக்குப்படி இது 115 முதல் 170 கிலோ வரை ஆகிறது. இந்த எடை முழுவதையும் எஸ்யூவியின் பின் அச்சு தாங்க வேண்டும் என்பதால், ஆட்களும் சாமான்களும் ஏற்றுவதற்கு உள்ள வரம்பில் அதைக் கழித்துவிட வேண்டும். அதாவது டிரெய்லர் மாட்டிய நாளில் உங்கள் வண்டி ஏழு பேர் போகும் வண்டி அல்ல. இதை அளப்பதற்கு உங்கள் கிடங்கில் இருக்கும் மின்னணுத் தராசே போதும். சமதரையில் டிரெய்லர் சக்கரங்களுக்கு அணை கொடுத்து, தராசின் மேல் உறுதியான மரக்கட்டையை நிறுத்தி, டிரெய்லரின் மூக்கு வண்டியில் மாட்டும்போது எந்த உயரத்தில் இருக்குமோ அதே உயரத்தில் கட்டையின் மேல் உட்காருமாறு செய்து, சரக்கோடு எடையைப் பாருங்கள். குறைவாகக் காட்டினால் மூட்டைகளை முன்னுக்குத் தள்ளுங்கள். சரக்கில் ஏறத்தாழ 60 சதவீதம் டிரெய்லர் அச்சுக்கு முன்பக்கமாக, தரையோடு இருக்க வேண்டும். அவசரத்தில் ஏற்றுபவர்கள் மூட்டைகளைக் கதவோரத்திலேயே போட்டுவிட்டுப் போவார்கள். முன்மூக்கு தூக்கிக்கொண்டு டிரெய்லர் ஆடத் தொடங்குவது பெரும்பாலும் அதனால்தான்.

கொக்கியைப் பம்பரில் வெல்டு வைப்பதை அடியோடு மறுத்துவிடுங்கள். பம்பர் இழுவைக்காகச் செய்யப்பட்டதல்ல; வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸில் வெல்டு வைத்தாலோ, சூடு பட்ட இடம் பலமிழந்து பின்னாளில் அங்கேயே விரிசல் விடும். உங்கள் மாடலுக்கென்றே செய்யப்பட்ட இழுவைச் சட்டத்தை, தயாரிப்பாளர் குறித்த இடங்களில், குறித்த அளவு போல்ட்டுகளால் முடுக்க வேண்டும். கொக்கியோடு இரண்டு பாதுகாப்புச் சங்கிலிகளையும் மூக்கிற்கு அடியில் குறுக்காக மாட்டுங்கள். கொக்கி கழன்றாலும் மூக்கு சாலையைக் குத்தாமல் சங்கிலியின் மேல் விழும்.

அடுத்தது பிரேக். தனி பிரேக் இல்லாத டிரெய்லருக்கு 750 கிலோதான் உச்சவரம்பு என்று பல தயாரிப்பாளர்கள் கையேட்டிலேயே குறிப்பிடுகிறார்கள். உங்களுடையது அதைத் தாண்டிவிட்டது. வண்டி வேகம் குறையும்போது டிரெய்லர் முன்னே தள்ளும் விசையிலேயே இயங்கும் பிரேக் விலை குறைந்தது. ஓட்டுநர் அருகிலுள்ள கருவியால் இயக்கும் மின்சார பிரேக்கிற்குச் செலவு கூடுதல் என்றாலும், டிரெய்லர் ஆடும்போது அதை மட்டும் தனியாகப் பிடிக்க முடியும் என்பதால், பாம்பன் பாலத்தில் வாரந்தோறும் போய்வரும் உங்களுக்கு நான் அதையே சொல்வேன். 1988 முதல் போக்குவரத்தில் இருக்கும் அந்தச் சாலைப் பாலத்தில், ரயிலையும் கடலையும் பார்ப்பதற்காகச் சுற்றுலா வண்டிகள் முன்னறிவிப்பே இல்லாமல் நின்றுவிடும் என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அந்தப் பாலத்தில் இன்னொரு சிக்கல் காற்று. பாலம் ஏறத்தாழ கிழக்கு மேற்காகக் கிடப்பதால் தென்மேற்குப் பருவத்துக் கச்சானும், ஐப்பசி கார்த்திகையின் வாடையும் வண்டியின் விலாவில்தான் அறைகின்றன. மூன்று மீட்டர் நீளமும் 1.8 மீட்டர் உயரமும் உள்ள டிரெய்லர் சுவரின் மேல் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகக் காற்று மோதினால், சுமார் 70 கிலோ எடைக்குச் சமமான விசை பக்கவாட்டில் தள்ளும். காற்றின் வேகம் இரட்டிப்பானால் விசை நான்கு மடங்காகும். சரக்கு இல்லாமல் போகும்போது எடை பாதிக்கும் கீழே போய்விடுகிறது, சுவரோ அப்படியே இருக்கிறது. ஆகவே அஞ்ச வேண்டியது வெறும் டிரெய்லரோடு சரக்கெடுக்கப் பாம்பன் போகும் பயணத்துக்குத்தான். பக்கத்திலுள்ள ரயில் பாலத்திலேயே காற்று வரம்பு மீறினால் ரயிலை நிறுத்தும் ஏற்பாடு உண்டு. நீங்களும் அத்தகைய நாளில் பாம்பனிலோ மண்டபத்திலோ காத்திருப்பதில் வெட்கமில்லை. டிரெய்லரை இன்னும் கட்டவில்லை என்றால் உயரத்தை ஓர் அடி குறைத்துக் கட்டச் சொல்லுங்கள்.

ஓட்டும்போது டிரெய்லர் ஆடத் தொடங்கினால், வேகத்தைக் கூட்டி நிமிர்த்தப் பார்ப்பதும், வண்டியின் பிரேக்கை ஓங்கி மிதிப்பதும் கூடாது. ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு ஆக்சிலரேட்டரிலிருந்து காலை மெல்ல எடுங்கள். மின்சார பிரேக் இருந்தால் டிரெய்லரை மட்டும் லேசாகப் பிடியுங்கள்.

மற்றவை சிறியவை. பின் டயர்களுக்கு முழுச் சுமைக்கான காற்றழுத்தம் வையுங்கள். டிரெய்லர் மறைக்கும் என்பதால் வெளியே நீளும் பக்கக் கண்ணாடிகள் வேண்டும். கியர் ஆயில் குளிர்விப்பான் பொருத்தச் சொல்வார்கள். ஆட்டோமேட்டிக் வண்டி என்றால் யோசிக்கலாம், ஆனால் மலையே இல்லாத நம் மாவட்டத்தில் அந்தப் பணத்தை முதலில் பிரேக்கில் போடுங்கள்.

கேள்வி: டிரெய்லருக்குத் தனிப் பதிவு தேவையா? இழுக்கும் வண்டியின் ஆர்.சி. போதாதா?
– வாசகர், தொண்டி

பதில்: போதாது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் டிரெய்லரையும் மோட்டார் வாகனம் என்ற வரையறைக்குள்ளேயே வைத்திருக்கிறது. எனவே அதற்கெனத் தனிப் பதிவு வேண்டும். வியாபாரச் சரக்கு ஏற்றுவதாக இருந்தால், எந்த வகையில் பதிய வேண்டும் என்பதை டிரெய்லர் வாங்கும் முன்பே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். வண்டியில் கொக்கி தாங்கும் இழுவைச் சட்டகம் பொருத்தியதைக் காப்பீட்டு நிறுவனத்துக்கும் தெரிவிக்க வேண்டும்.

கேள்வி: படகுச் சாமான் ஏற்றும் டிரெய்லரின் பின்விளக்குகள் மாதம் ஒருமுறை அணைந்துபோகின்றன. பல்பு மாற்றினாலும் பயனில்லை.
– வாசகர், ஏர்வாடி

பதில்: கோளாறு பல்பில் இருக்க வாய்ப்பில்லை. கடற்கரை ஊரில் முதலில் கெடுவது எர்த் இணைப்பு, அதாவது விளக்கிலிருந்து மின்சாரம் திரும்பிப் போகும் வழி. டிரெய்லர் சட்டத்தில் எர்த் ஒயர் முடுக்கிய இடத்தைக் கழற்றிப் பாருங்கள். பச்சையோ வெள்ளையோ பூத்திருக்கும். உலோகம் தெரியும்வரை உப்புத்தாளால் தேய்த்து, முடுக்கி, மேலே கிரீஸ் தடவுங்கள். கொக்கி வழியாக எர்த் கிடைத்துவிடும் என்று விடாமல், பிளக்கிலிருந்து ஒவ்வொரு விளக்குக்கும் தனி எர்த் ஒயர் இழுத்துவிட்டால் தொல்லை பெரிதும் குறையும். பிளக்கை மாட்டாத நேரத்தில் மூடி போட்டு, வாய் கீழ்நோக்கியிருக்கத் தொங்கவிடுங்கள். கடலோரம் போய்வந்த அன்றே நல்ல தண்ணீரால் டிரெய்லரின் அடிப்பாகத்தைக் கழுவுங்கள். டிரெய்லரை உப்புத் தண்ணீருக்குள் இறக்கும் வழக்கம் இருந்தால், சக்கர பேரிங்குகளையும் அடிக்கடி திறந்து கிரீஸ் மாற்ற வேண்டியிருக்கும்.