எங்கள் வானிலேயே வேளாங்கண்ணிக்குப் போகலாமா?

கோப்பாயிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "ஓகஸ்ட் விடுமுறையில் நான், மனைவி, 12 வயது மகன், மாமி நால்வரும் தமிழ்நாடு போக யோசிக்கிறோம். காங்கேசன்துறையில் எங்கள் வானையும் கப்பலில் ஏற்றி நாகப்பட்டினத்தில் இறங்கி, வேளாங்கண்ணி, தஞ்சாவூர், சிதம்பரம் எல்லாம் நானே ஓடிப் பார்க்கலாமா? மாமிக்கு முழங்கால் வருத்தம், பஸ்ஸில் ஏறி இறங்க மாட்டா. என்னென்ன பத்திரங்கள் எடுக்க வேண்டும்?"

வான் வீட்டிலேயே நிற்கட்டும். காங்கேசன்துறை - நாகப்பட்டினம் சேவை 2023 ஒக்டோபரில் 'செரியபாணி' கப்பலுடன் தொடங்கி, சில நாட்களிலேயே மழைக்காலத்தைக் காரணம் காட்டி நின்று, 2024 ஓகஸ்டில் 'சிவகங்கை'யுடன் மறுபடி ஆரம்பித்தது. சுமார் 110 கிலோமீற்றர், நாலு மணித்தியாலம் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அது ஆட்களையும் பயணப்பொதிகளையும் ஏற்றும் கப்பல். வாகனம் ஏற்றும் தட்டு அதில் இல்லை. தலைமன்னாரிலிருந்து தரைவழி இணைப்பு பற்றி 2023இல் இரண்டு அரசுகளும் பேசியதை நம்பி யாரும் விடுமுறை போட முடியாது.

சட்டப்படி வழியே இல்லையா என்றால், இருக்கிறது. கார்னெட் என்ற சுங்கப் பத்திரத்தை எடுத்தால் வாகனத்தை இறக்குமதித் தீர்வை கட்டாமல் தற்காலிகமாக இந்தியாவுக்குள் கொண்டுபோகலாம். அதைக் கொழும்பிலுள்ள ஓட்டோமொபைல் அசோசியேஷன் ஒஃப் சிலோன் தருகிறது. வாகனம் திரும்பி வரும் என்பதற்கு, அதன் பெறுமதியைப் பொறுத்து, பிணைப்பணமோ வங்கி உத்தரவாதமோ வைக்க வேண்டும். பிறகு கொழும்புத் துறைமுகத்தில் கொள்கலனில் ஏற்றி சென்னையிலோ தூத்துக்குடியிலோ எடுக்க வேண்டும். இரண்டு பக்கமும் சுங்க முகவருக்குக் கூலி. உங்கள் காப்புறுதி அந்தக் கரையில் செல்லாது, அங்கே புதிதாக எடுக்க வேண்டும். வான் லீசிங்கில் இருந்தால் அந்த நிறுவனத்தின் சம்மதமும் தேவை, ஏனென்றால் பதிவுப் புத்தகத்தில் முழு உரிமையாளர் அவர்கள்தான். மூன்று மாதம் சுற்றி நேபாளம் வரை போகிறவருக்கு இதெல்லாம் சரி. ஒரு கிழமைக்கு வேளாங்கண்ணி பார்க்கப் போகிறவருக்கு, செலவை விடுங்கள், வான் வந்து சேருமுன் விடுமுறையே முடிந்துவிடும்.

நீங்களே ஓட ஆசையென்றால் அதே சங்கத்தில் சர்வதேசச் சாரதி அனுமதிப்பத்திரம் எடுத்துக்கொண்டு அங்கே காரை வாடகைக்கு எடுக்கலாம். இடது பக்க ஓட்டம், பலகைகளில் தமிழ், சிரமம் இல்லை. ஒரேயொரு எச்சரிக்கை: யாரோ தெரிந்தவருடைய சொந்தக் காரைக் காசு கொடுத்து வாடகைக்கு எடுத்து ஓடாதீர்கள். இந்தியாவில் வெள்ளைத் தகடு சொந்தப் பாவனைக்கு. வாடகை டாக்சிக்கு மஞ்சள் தகட்டில் கறுப்பு எழுத்து, சாரதியில்லாமல் வாடகைக்கு விடும் காருக்குக் கறுப்புத் தகட்டில் மஞ்சள் எழுத்து. (எங்கள் ஊரில் எல்லா வாகனத்துக்கும் பின்னால் மஞ்சள்தான், குழம்பிவிடாதீர்கள்.) வெள்ளைத் தகட்டுக் காரைக் கூலிக்கு எடுத்து விபத்து நடந்தால் காப்புறுதி கைவிரித்துவிடும்.

ஆனால் மாமியோடு போகிறீர்கள். சாரதியோடு ஒரு இன்னோவா பிடிப்பதுதான் என் யோசனை. வெளியூர் ஓட்டத்துக்கு நாளொன்றுக்கு 250 கிலோமீற்றர் போல ஒரு குறைந்தபட்சக் கணக்கு வைப்பார்கள். ஓடாவிட்டாலும் அந்தக் காசு. உங்கள் பாதையோ குறுகியது: வேளாங்கண்ணி நாகப்பட்டினத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீற்றர், தஞ்சாவூர்கூட நூறுக்குள். அதனால் நாள் வாடகையும் உண்மையில் ஓடும் தூரமும் என்று பேசிப் பாருங்கள். காரை நாகப்பட்டினத்திலேயே பிடியுங்கள். திருச்சியிலிருந்து அழைத்தால் அது வந்து திரும்பும் தூரமும் உங்கள் தலையில். சாரதி பேட்டா (சாரதியின் நாட்படி), சுங்கச்சாவடிக் கட்டணம், தரிப்பிடக் காசு யாருடையது என்பதை முதலிலேயே கேளுங்கள்.

முதல் இரவு வேளாங்கண்ணி, பிறகு தஞ்சாவூர், கும்பகோணம், சிதம்பரம், சீர்காழி வழியாகத் திருநள்ளாறு, காரைக்கால், நாகப்பட்டினம் என்று ஒரு வட்டம் அடிக்கலாம். காரைக்கால் புதுச்சேரி ஆட்சிக்கு உட்பட்டது. டாக்சிக்குத் தனி பெர்மிட் கேட்பார்கள், அதையும் வாடகையோடு பேசிவிடுங்கள். அங்கே மதுபானம் மலிவு என்று வாங்கிக் காரில் போட்டால் தமிழ்நாட்டுச் சோதனைச் சாவடியில் மாட்டுவீர்கள். தஞ்சைப் பெரிய கோயிலும் சிதம்பரம் கோயிலும் மத்தியானம் நடை சாத்தினால் மாலை நாலு மணி போலத்தான் திறப்பார்கள். வெயிலில் சுடும் கல்லில் மாமியை வெறுங்காலோடு நடத்தாதீர்கள், காலையிலேயே போய்விடுங்கள். வேளாங்கண்ணியில் ஓகஸ்ட் 29 கொடியேற்றம், செப்டெம்பர் 8 பெருவிழா. விழாவுக்கென்றே போகவில்லையானால் 29க்கு முன்பே அங்கிருந்து கிளம்பிவிடுங்கள். பிறகு அறை கிடைப்பது பெரும்பாடு.

சரி, பத்திரங்கள். மகனுக்கும் தனிக் கடவுச்சீட்டு வேண்டும். எல்லாருடையதிலும் ஆறு மாதமாவது செல்லுபடிக் காலம் இருக்கட்டும். இணையவழி விசா குறிப்பிட்ட விமான நிலையங்கள், துறைமுகங்கள் வழியாக நுழைவதற்கு மட்டுமே செல்லும். நீங்கள் இறங்கும் இடம் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்காமல் பணம் கட்டாதீர்கள். சந்தேகமாக இருந்தால் கடவுச்சீட்டில் ஒட்டும் சாதாரண விசாவுக்கு விண்ணப்பியுங்கள்; அதற்கான விபரத்தை யாழ்ப்பாணத்திலுள்ள இந்தியத் துணைத் தூதரகத்தில் கேட்கலாம்.

தங்குமிடத்தில் இன்னொரு சிக்கல். வெளிநாட்டவரை ஏற்கும் விடுதி அவர்களுடைய விபரத்தை ஒரு படிவத்தில் 24 மணித்தியாலத்துக்குள் குடிவரவுப் பகுதிக்கு அனுப்ப வேண்டும். சின்ன லொட்ஜ்கள் அந்தத் தொல்லைக்குப் பயந்து இலங்கைக் கடவுச்சீட்டைக் கண்டதும் அறை இல்லை என்றுவிடும். முற்பதிவின்போதே இலங்கையர் என்று சொல்லிவிடுங்கள். சொந்தக்காரர் வீட்டில் தங்கினாலும் அதே படிவம் உண்டு. இது அனேகமானவர்களுக்குத் தெரியாது.

தாலிக்கொடி, காப்பு, சங்கிலி எல்லாம் போட்டுக்கொண்டு கப்பல் ஏறாதீர்கள். சுங்கத்தில் தங்கத்துக்குப் பதில் சொல்லிக்கொண்டு நிற்க நேரும். கூடுதலாகக் கொண்டுபோனால் இறங்கியதும் நீங்களாகவே அறிவியுங்கள். கடல் குழம்பினால் கப்பல் ஓடாது, ஆகவே விடுமுறை முடிய இரண்டு நாள் இருக்கும்போதே திரும்பும் சீட்டைப் போடுங்கள். அன்றைக்கும் ஓடாவிட்டால் திருச்சி, சென்னையிலிருந்து பலாலிக்கு விமானம் உண்டா என்று இப்போதே பார்த்து, அந்தக் காசைத் தனியாக ஒதுக்கி வையுங்கள்.