மகள் காலமை சாப்பிடுவதில்லை: எங்கள் வசதிக் குறைவுதான் காரணமா?

கேள்வி: மகள் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம். பக்கத்திலுள்ள திருநெல்வேலியில் இன்னும் மூன்று பிள்ளைகளோடு அறை எடுத்து இருக்கிறா. நாங்கள் முல்லைத்தீவில் கூலி வேலை செய்கிறோம். காலமையில் பிளேன்ரீயும் பிஸ்கற்றும்தானாம். முகமும் வெளிறிப்போய் இருக்கிறது. எங்கள் வசதிக் குறைவால்தானா இப்படி? என்ன செய்யலாம்? – ஒரு தாய்

பதில்: ஓரளவுக்கு ஓம், அம்மா. ஆனால் காலைச் சாப்பாட்டை விடுகிற பழக்கம் வசதியான வீட்டுப் பிள்ளைகளிடமும் தாராளமாக இருக்கிறது. எட்டு மணி விரிவுரைக்கு எல்லாரும்தான் ஓடுகிறார்கள். வித்தியாசம் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. கையில் காசுள்ள பிள்ளை பத்து மணிக்குக் கன்ரீனில் றோல்ஸும் சோடாவும் வாங்கும், இரவில் கொத்து ரொட்டி எடுக்கும். எண்ணெய், உப்பு, சீனி எல்லாம் கூடிப்போகும். கை இறுக்கமான பிள்ளை மதியம் வரை பசியைத் தள்ளிப்போட்டு, பிறகு சோற்றாலேயே வயிற்றை நிரப்பும். பசி அடங்கும், புரதமும் இரும்புச்சத்தும் போதாமல் போகும். இரண்டும் பிழைதான். என்றாலும் முதல் பிள்ளை நாளைக்கே திருந்த நினைத்தால் முட்டையும் பழமும் வாங்க அதனிடம் காசு இருக்கிறது.

கணக்கைப் பாருங்கள். 2025 வரவு செலவுத் திட்டத்தில், பல்கலைக்கழகப் பிள்ளைகளுக்கு மாதாமாதம் கிடைக்கிற மகாபொல உதவித்தொகை 5000 ரூபாயிலிருந்து 7500 ஆகவும், பேர்சரி என்கிற மற்ற உதவித்தொகை 4000 இலிருந்து 6500 ஆகவும் கூட்டப்பட்டன. 7500 என்றாலும் நாளுக்கு 250 ரூபாய்தான். மதியப் பார்சலோடேயே அதில் பெரும்பகுதி போய்விடும். அந்தக் காசிலும் மகள் வீட்டுக்கு ஏதும் அனுப்புகிறாவா என்று ஒருக்கால் கேட்டுப் பாருங்கள். தான் சாப்பாட்டைக் குறைத்துத் தம்பிக்குக் கொப்பி வாங்கக் காசு அனுப்புகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். கேட்டால் ஒழியச் சொல்ல மாட்டார்கள்.

என்னைக் கேட்டால், அறையில் சமைக்க விடுகிறார்களா என்பதுதான் இங்கே பெரிய கேள்வி. கறண்ட் பில்லுக்குப் பயந்து ரைஸ் குக்கரே வேண்டாம் என்கிற வீட்டுக்காரர் இருக்கிறார்கள். நாலு பிள்ளைகளும் சேர்ந்து, மாதம் இவ்வளவு மேலதிகமாகத் தருகிறோம் என்று முதலே கதைத்துத் தீர்ப்பது நல்லது. பிள்ளைகள் சொல்லி எடுபடாவிட்டால் நீங்களே ஒரு தடவை போனில் பேசுங்கள், பெற்றோர் கேட்டால் மரியாதை வேறு.

குக்கர் ஒன்று இருந்தால் பாதி வேலை முடிந்தது. இரவே பயறையோ கௌபியையோ ஊறப்போட்டால், காலமை முகம் கழுவி வெளிக்கிடுகிற நேரத்தில் அவிந்துவிடும். உப்பும் தேங்காய்ப்பூவும் போட்டுச் சாப்பிட்டுவிட்டுப் போகலாம். மதியத்துக்குச் சிவப்பரிசியோடு ஆளுக்கு 50 கிராம் பருப்பையும் சேர்த்துப் போட்டால் அதிலேயே 12 கிராம் அளவு புரதம் கிடைக்கும். ஒரு முட்டை இன்னும் 6 கிராம் தரும். வல்லாரைச் சம்பலுக்கு அடுப்பே தேவையில்லை, தேசிக்காய்ப் புளி விட்டால் சரி. அந்தப் புளி சாப்பாட்டிலுள்ள இரும்புச்சத்தை உடம்பு எடுக்கவும் உதவும். பிளேன்ரீ நேர்மாறு, அதைத் தடுக்கும். தேத்தண்ணியை விடச் சொல்லவில்லை (விடவும் மாட்டார்கள்), சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழித்துக் குடிக்கட்டும்.

ஊரிலிருந்து போகும்போது நெத்தலிக் கருவாடும், வறுத்த குரக்கன் மாவும், முருங்கையிலையும் கொடுத்துவிடுங்கள். மற்றப் பிள்ளைகளுக்கு முன்னால் குரக்கன் புட்டு அவிக்க மகள் கூச்சப்படலாம். அந்தக் கூச்சத்தில் கைவிட்ட சாப்பாட்டுக்குப் பதிலாகத்தான் பிஸ்கற் வந்து சேர்கிறது. நாலு பேருக்கும் போதுமாகக் கொடுத்துவிட்டால் கூச்சம் குறையும்.

முகம் வெளிறியிருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். களைப்பு, தலைச்சுற்று, படியேறினால் மூச்சு வாங்குவது, மாதவிடாய் கூடுதலாகப் போவது ஏதும் இருந்தால், கடையில் ரொனிக் வாங்க முதல் இரத்தத்தில் ஹீமோகுளோபின் பார்ப்பியுங்கள். அரச ஆஸ்பத்திரியில் அதற்குக் காசு கட்டத் தேவையில்லை. அளவு குறைவென்றால் சாப்பாடு மட்டும் போதாது, இரும்புச்சத்துக் குளிசையும் வேண்டிவரலாம். எவ்வளவு, எத்தனை மாதம் என்பதை வைத்தியர் சொல்லட்டும்.